பைனாகுலர் பிடித்தவன்

ரெய்யோவைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். பின்லாந்தில் சீக்கயோக்கி என்கிற எங்கள் ஊர் வேட்டைச் சங்கத்தில் புது ஆட்களுக்குப் பறவை அடையாளம் சொல்லிக்கொடுத்தவன் அவன். பதினெட்டு வருஷம். “கண்ணு தெரியலையா, துப்பாக்கிய இறக்கு” என்று சொல்லிச் சொல்லியே உயிரை வாங்குவான்.

வாத்து வேட்டையில் எங்களுக்கு ஒரு வழக்கம். இரண்டு பேர் நாணலுக்குள் உட்காருவோம். பைனாகுலர் பிடித்தவன் பறவையின் பெயரைச் சொன்ன பிறகுதான் மற்றவன் சுடலாம். சாம்பல் வாத்து என்றால் சட்டம் தடுக்காது. அந்தச் செப்டம்பர் காலையில் பைனாகுலர் என் கையில். ஒரே மூடுபனி. குளிர் வேறு, கொண்டுவந்த காபியும் தீர்ந்துபோயிற்று. நான்கு வாத்துகள் தாழப் பறந்து வந்தன. கண் தெரியவில்லை.

“சாம்பல் வாத்து!” என்று கத்தினேன்.

ரெய்யோ சுட்டான். எங்கள் நாய் கவ்விக்கொண்டு வந்ததை ரெய்யோ கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். பின்லாந்து முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சின்ன வாத்து இனம் அது. அதைச் சுடுவது குற்றம்.

“சதுப்புல புதைச்சிரலாம்டா. யாரு பாத்தா?” என்றேன். வெட்கங்கெட்டவன் நான்.

“நாம பாத்தோமேடா,” என்றவன் அங்கிருந்தே போலீசுக்குப் போன் போட்டான். “சுட்டது நான். தப்பாப் பாத்ததும் நான்தான்.” பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

துப்பாக்கி போயிற்று. இரண்டு வருஷம் தடை. சங்கத்து மான் சூப் விருந்தில், “வாத்தியாரே, இது மானா மாடா?” என்று தட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாவி. அவனுடைய வகுப்பைச் சங்கம் எனக்குக் கொடுத்தது. அதையும் வாங்கிக்கொண்டேன்!

தடை முடிந்தவன் மறுபடி தேர்வெழுதித்தான் உரிமம் வாங்க வேண்டும். போன வசந்தத்தில் என் வகுப்பிலேயே வந்து, பென்சிலும் கையுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தான் ரெய்யோ. திரையில் அந்த மஞ்சள் வளையம் வந்தது. யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்து, “அவரக் கேளுங்க, அவருக்குத்தான் நல்லாத் தெரியும்” என்றான். ரெய்யோவின் காது சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

“அன்னைக்கு இத சாம்பல் வாத்துன்னு கத்துனது நான்,” என்றேன். “என் பேச்ச நம்பித்தான் அவன் சுட்டான்.”

ரெய்யோ நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“இதச் சொல்ல ரெண்டு வருஷம் ஆச்சா தௌனோ உனக்கு?” என்றான். “சரி, அடுத்த படத்தப் போடு. நான் பாஸ் பண்ணணும்.”