வெளியே போகாத லாரிகள்

போன வாரம் எங்கள் தெரு ரேஷன் கடையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். "நேத்தே அரிசி வாங்கிட்டன்னு காட்டுதும்மா. மெஷின் பொய் சொல்லுமா?" என்றார் கடைக்காரர். அந்த அம்மாவின் பை காலி.

சொல்லும். மெஷின் நன்றாகவே பொய் சொல்லும். அதைக் கேட்டதும் என் மூக்கில் சூடான தூசும் இரும்புத் துருவும் கலந்த நாற்றம் ஏறிவிட்டது. திருவள்ளூரில் நின்றுகொண்டு கும்மிடிப்பூண்டியை முகர்ந்தேன்.

அங்கே தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். கார்டில் சிஸ்டம் அட்மின் என்று இருக்கும். செய்த வேலையில் பாதி, பிரிண்டருக்கு மை ஊற்றுவது. கம்பெனியின் மொத்தக் கணக்கும் ஓடிய சர்வருக்கு, ஸ்டோர் ரூமில் பிளைவுட் வைத்துத் தடுத்த ஒரு பொந்து. ஏசி மேனேஜர் அறைக்கு. சர்வருக்கு டேபிள் ஃபேன். அந்த ஃபேன் ஊதிய இரும்புத் தூசில் என் துப்பட்டா எதுவும் வெள்ளையாக இருந்ததில்லை.

வாசலில் எடைமேடை. அதைப் பார்த்துக்கொண்டவர் முனிரத்தினம், பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். எல்லோரையும் நைனா என்பார், என்னையும் சேர்த்து. "நாஷ்டா ஆச்சா நைனா?" என்று அவர் கேட்காமல் யாரும் உள்ளே போனதில்லை. சரக்கோடு வரும் லாரியை ஒரு தரம் எடை போடுவார். இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி எடை. இரண்டாவது எடை, சர்வரில் அதே லாரியின் வரியில் போய் உட்கார வேண்டும்.

ஒரு நாள் காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். முந்தின மத்தியானம் வந்த லாரிகள் எதற்கும் காலி எடை இல்லை. கணக்குப்படி அவை இன்னும் ஆலைக்குள்ளேயே நிற்கின்றன. "சரக்க பாதி எறக்கிட்டு மீதிய வெளிய அனுப்பிகினு இருக்கான் உங்காளு. அதான் எடை போடல" என்றார்.

போய் சர்வரைப் பார்த்தேன். விஷயம் எளிது. எந்த மாற்றத்தையும் சர்வர் முதலில் லாக் என்கிற கோப்பில் எழுதிக்கொள்ளும், பிறகுதான் அட்டவணையில் மாற்றும். அந்தக் கோப்பு வளர்ந்து வளர்ந்து டிஸ்க்கை அடைத்துவிட்டது. எழுத இடமில்லை, அதனால் மாற்றமும் இல்லை. எடைமேடை புரோகிராமை எழுதிய புண்ணியவான், சர்வர் மறுத்தாலும் 'சேவ் ஆகிவிட்டது' என்று திரையில் காட்டும்படி எழுதியிருந்தார். முனிரத்தினம் என்ன செய்வார்? லாக்கை காப்பி எடுத்துக் காலி செய்ய இன்னொரு டிஸ்க் வேண்டும் என்று நான் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தேன். "ஓடிகினுதானே இருக்குது?" என்பதுதான் மேனேஜரின் பதில்.

"சார், லாக் ஃபுல் ஆயிடுச்சி" என்று போய்ச் சொன்னேன். அவர் உடனே சென்னை ஆபீசுக்குப் போன் போட்டார். "ஃபுல்லா லாக் பண்ணிட்டான் சார்."

கோப்பும் லாக், பூட்டும் லாக். நம் வாயில் இரண்டும் ஒன்று. அந்த ஒரு சொல்லில் முனிரத்தினம் கணக்கைப் பூட்டி வைத்த திருடனாகிவிட்டார். சாயங்காலத்துக்குள் ஆளை அனுப்பிவிடச் சொல்லிச் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. அது வேற லாக் சார் என்றேன். காதில் வாங்கவில்லை.

சாஃப்ட்வேர் விற்றவர்களுக்குப் போன் செய்தேன். "லாக்க அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம், சரியாயிடும்" என்றார்கள். மேனேஜரும் அழி என்றார்.

"மாட்டேன் சார்" என்றேன். அழித்தால் எல்லாம் ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் டிஸ்க் அடைத்திருந்தது என்று நான் தலைகீழாக நின்றாலும் யார் நம்புவார்கள்?

எழுதத்தான் முடியாது, படிக்க முடியும். வேறு எங்கெல்லாம் நின்றுபோயிருக்கிறது என்று தேடினேன். அதே சர்வரில் இருந்த வருகைப் பதிவைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"முனிரத்தினம் திருடன்னா, நீங்களும் நேத்து ஊட்டுக்குப் போவல சார்."

"இன்னா பேசற நீ?"

"உங்க கார்டு நேத்து காலைல உள்ள வந்துது. வெளிய போவல. இன்னிக்கி வரவும் இல்ல. உங்களுக்கும் அவருதான் லாக் போட்டாரா?"

மேனேஜர் அறை வாசலில் நின்றிருந்த முனிரத்தினம் மெதுவாகக் கேட்டார். "ராவெல்லாம் எங்க நைனா படுத்துகினு இருந்தீங்க?"

மேனேஜர் அந்தக் காகிதத்தை மடித்து மேசை டிராயரில் போட்டார். பிறகு சென்னைக்குப் பேசினார். கம்ப்யூட்டர் கோளாறாம். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. டிஸ்க் மட்டும் வந்தது. லாக்கை அதில் காப்பி எடுத்து இடம் விடுவித்தேன். எடைமேடை அச்சடித்துத் தந்த சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்த முனிரத்தினம் அவற்றை வாசிக்க, ஒவ்வொரு லாரியாகக் கணக்கிலிருந்து வெளியே அனுப்பினேன். "டப்பு குடுத்து டிஸ்க் வாங்காம என் தலைய வாங்கப் பாத்தானுங்க" என்றார் நடுவில். அன்றிலிருந்து மேனேஜருக்கு நான் வாய்க்காரி. இருந்துவிட்டுப் போகிறேன்.

இப்போது அந்த ஆலை இல்லை. யாரோ குடோனாக வைத்திருக்கிறார்கள். எடைமேடையை கேமராவே பார்த்துக்கொள்கிறது, நாஷ்டா ஆச்சா என்று கேட்க ஆளில்லை. எனக்கு வருத்தம் அந்தப் பொந்துக்குத்தான். அன்றைக்குப் பொய் சொன்ன மெஷினுக்கு ஒரு கதவு இருந்தது, சாவி என் பையில் இருந்தது. உள்ளே போய்ச் சண்டை போட முடிந்தது.

ரேஷன் கடைக்காரரிடம் கேட்டேன். "உங்க சர்வர் எங்க இருக்கு?"

"மேல இருக்கு மேடம்" என்று அவர் கையை உயர்த்திக் காட்டினார். மேலே ஓடுதான் இருந்தது.

அந்த அம்மாவின் காலிப் பையை வாங்கித் தராசில் வைத்தேன்.

"மெஷின வுடுங்க. இத எடை போட்டுச் சொல்லுங்க."