அக்காவை அழைக்கப் போன மஞ்சள் மோட்டார்

எந்திரங்களுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒத்துவராது. இப்போதும் என் சைக்கிள் சங்கிலி கழன்றால், புந்தோங் சைக்கிள் கடைக்காரரிடம் உருட்டிக்கொண்டு போய், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வைத்தியர் வாசலில் நிற்பவனைப் போல நிற்பேன். அவர் அதை ஒரு விரலால் மாட்டிக் கொடுக்கும்போது, “நானும் அதைத்தான் நினைத்தேன்” என்று சொல்லத் தவறுவதில்லை. இது அப்பாவிடமிருந்து வந்த குணம். என்ன, அவர் நினைப்பதோடு நிற்கமாட்டார், காரியத்திலும் இறங்கிவிடுவார்.

முதல் பெரிய சண்டை முடிந்து, ரப்பர் விலை ஏறுவதும் விழுவதுமாக இருந்த காலம். மலாயாவில், கோலா கங்சாருக்குக் கீழே பேராக் ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றில் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். அந்த வருஷம் வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, ஆற்றோடு கீழே போனால் எதிர்க்கரையில் வரும் தோட்டத்துக்கு வாழப் போனாள். அவள் மாமனார் அங்கே பெரிய கங்காணி. வாய் நிறையச் சிரிப்பும் அதைவிடப் பெரிய குரலும் உள்ள மனிதர். பெண்ணைச் சம்பான் என்கிற துடுப்புப் படகில் கொண்டுபோய் இறக்கியபோது அவர் துறையில் நின்றபடி, “என்ன சம்பந்தி, கிராணி வீட்டுப் பொண்ணு மோட்டார்ப் படகுல வந்து எறங்கும்னு பாத்தா, தேங்கா மூட்டை மாதிரி சம்பான்ல வருதுலா!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, “தலைதீபாவளிக்கு மோட்டார்லதான் கூட்டிட்டுப் போவேன், பாருங்க” என்று சொல்லிவிட்டார்.

சம்பந்தி அதைப் பந்தியில் பாயசம் வருவதற்குள் மறந்திருப்பார். அப்பா மறக்கவில்லை.

அக்கா போனபின் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாசலிலேயே குழாய் இருக்க, அம்மா துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவாள். துவைத்து முடித்த பிறகும் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் போகிற திக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் பக்கத்தில் உட்காருவேன். ஆறு ஒரு வேலையும் செய்யாமல் தினமும் அக்கா இருக்கும் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அதன் மேல் பொறாமையாக இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மீன்பிடிக்கப் போகும் படகுக்குப் புது மோட்டார் வந்தது. பழையதை ஸ்டோருக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். படகின் பின்பலகையில் திருகி மாட்டும் மோட்டார் அது. மேலே ஒரு சக்கரம், அதையொட்டி வளைந்த பித்தளைப் பெட்ரோல் தொட்டி, கீழே நீண்ட கால், கால் நுனியில் விசிறி. உடம்பெல்லாம் கறுப்புப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, சொறி பிடித்த பிராணிபோல் கிடந்தது. அப்பா துரையிடம் கேட்டு அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, புகைவீட்டில் ரப்பர் ஷீட் உலர்த்தும் வேலையில் இருந்தார். அடுப்பு மூட்டத் தெரிந்தவருக்கு மோட்டாரும் தெரியும் என்பது அப்பாவின் கட்சி. மாமா அதை ஒரு தண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பில் மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டார். நாலைந்து முறை இருமிவிட்டு, ஊரே கேட்கும்படி ஓடியது. பீப்பாய்த் தண்ணீர் பொங்கி என் மேல் அடித்தது. நான் குதித்தேன்.

“ஓடுதுலா மச்சான்!” என்று கத்தினார் மாமா.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “இந்தக் கோலத்துலயா சம்பந்தி வீட்டுக்குப் போறது?” என்றார்.

அம்மா வாசற்படியில் நின்று சொன்னாள்: “ஏங்க, சம்பான்ல போயி கூட்டிட்டு வந்தா ஆறு கோவிச்சுக்குமா?”

அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. சில கேள்விகளுக்கு அவருக்குக் கேட்காது.

வேலை தொடங்கியது. மாமா உடைந்த சோடாப் புட்டிச் சில்லால் பழைய பெயிண்டைச் சுரண்டினார். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். பித்தளைத் தொட்டி அம்மாவின் பங்கு. வேண்டாம் என்று சொன்னவள், யாரும் கேட்காமலே புளியும் சாம்பலும் எடுத்துவந்து, அதைக் குத்துவிளக்குபோல் ஆக்கிவிட்டுத்தான் எழுந்தாள். “எம் பொண்ணு ஒக்காந்து வர்றது” என்றாள், யாருக்கோ பதில் சொல்வதுபோல.

நிறத்தில்தான் சண்டை. ஸ்டோரில் மிச்சமிருந்தது பங்களா ஜன்னலுக்கு அடிக்கும் பச்சை. அப்பாவுக்கு அது துரைத்தனமாகப் பட்டது. தலைதீபாவளிக்கு வரும் பெண்ணுக்கு மஞ்சள்தான் மங்கலம் என்று அம்மா பிடித்துக்கொண்டாள். மாமா போய், மாரியம்மன் கோயில் குதிரை வாகனத்துக்கு அடித்தது போக மிஞ்சிய மஞ்சளை வாங்கிவந்தார். அடித்து முடித்து வாசலில் வைத்ததும், வேலை விட்டு லயத்து வீடுகளுக்குப் போன பெண்கள் அந்த மஞ்சளைக் கண்ட பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். மோட்டாருக்கு இந்த மரியாதை எந்த நாட்டிலும் கிடைத்திருக்காது.

ஆனால் பெயிண்ட் காயவில்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்தது. தொட்டால் விரலோடு வந்தது. தீபாவளி நெருங்க நெருங்க அம்மா அதைப் பார்க்கும் பார்வை மாறியது. மாமாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. பச்சை ரப்பரையே உலர்த்துகிற புகைவீட்டில் பெயிண்ட் உலராதா? மோட்டாரைக் கொண்டுபோய் ஷீட்டுகளுக்கு நடுவே கழியில் தொங்கவிட்டார்.

உலர்ந்தது. சந்தேகமே இல்லை. ஆனால் வெளியே எடுத்தபோது அது நன்றாகப் புகை பிடித்த ரப்பர் ஷீட்டின் நிறத்தில், அதே வாசனையோடு இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் மாமா தாங்கியிருப்பார்.

மறுபடியும் சுரண்டல், மறுபடியும் மஞ்சள். இந்த முறை சமையலறை அடுப்புப் பக்கத்தில் வைத்து, அம்மாவே முறத்தால் விசிறிக் காய வைத்தாள். இரண்டாம் முறை என்பதால் அப்பாவுக்கு அழகுணர்ச்சியும் கூடியிருந்தது. மேடு பள்ளமெல்லாம் சமமாக வேண்டும் என்று சாக்கட்டித் தூளையும் எண்ணெயையும் பிசைந்து பூசச் சொன்னார். மோட்டாரின் காலில், தண்ணீருக்குள் முங்கும் இடத்தில், சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன.

“இது எதுக்கு மச்சான் இங்க ஓட்டை?”

“துரை எங்கயாவது பாறையில இடிச்சிருப்பான். படகுல ஓட்டை இருந்தா அடைப்போமா, மாட்டோமா? தண்ணி உள்ள போயிடாது?”

அடைத்தார்கள். அதன் மேல் மஞ்சள் இழைந்து ஓடியது. ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. அந்த மோட்டார் தன் சூட்டைத் தணிக்க ஆற்றுத் தண்ணீரைக் குடிப்பது அந்த வாயால்தான் என்பதை நாங்கள் யாரும் அறியவில்லை. மறுபடி ஓட்டிப் பார்க்கலாமா என்று மாமா கேட்டதற்கு, பெயிண்ட் கெட்டுவிடும் என்று அப்பா மறுத்துவிட்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள் மழை விட்டிருந்தது. இரவல் படகில் மோட்டாரை மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றினார்கள். அம்மா ஆலாத்தி கரைக்கத் தாம்பாளத்தை எடுத்துவைத்துவிட்டு, எங்களோடு துறைவரை வந்தாள். “பொழுது சாயறதுக்குள்ள வந்துருங்க” என்று மோட்டாரைப் பார்த்தே சொன்னாள்.

அப்பா, மாமா, நான். ஆறு பெருகிப் பழுப்பாக ஓடியது. மோட்டார் ஒரே சுற்றில் கிளம்பிவிட்டது. அப்பா கோட்டு போட்டுக்கொண்டு முன்பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கரையில் குளித்துக்கொண்டிருந்த மலாய்க் கம்பத்துப் பிள்ளைகள் கை அசைத்தார்கள். அவ்வளவு பெருமையை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை.

எதிர்க்கரைத் துறை கண்ணுக்குத் தெரியும்போது பூச்சரம் கருகியது. பிறகு மஞ்சள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி வெடித்தது. மாமா, “அலாமாக்!” என்று கையை உதறினார். மோட்டார் ஒரு நீண்ட கிறீச்சோடு நின்றது. அப்புறம் அது அசையவே இல்லை. நல்லவேளை, ஆற்றுக்கு வழி தெரிந்திருந்தது. துடுப்பால் தள்ளித் தள்ளி, புகைந்துகொண்டே சம்பந்தி வீட்டுத் துறையில் போய் ஒதுங்கினோம்.

சம்பந்தி ஓடிவந்தார். “வாங்க, வாங்க! என்ன சம்பந்தி, நெருப்புக் கப்பல்ல வாரீங்க?” என்று கைகொடுத்து இறக்கினார். அந்தப் பழைய பேச்சு அவர் முகத்தில் எங்குமே இல்லை.

வீட்டு நடையில் அக்காவின் தகரப்பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. நான் அதன் மேல் ஏறி உட்கார்ந்தேன். அக்கா கல்யாணப் புடவையில் கதவோரம் நின்றிருந்தாள். மாப்பிள்ளைகூடச் சட்டை மாற்றிவிட்டிருந்தார். காப்பி வந்தது. அப்பா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுக்கென்ன சம்பந்தி,” என்றார் பெரிய கங்காணி. “நம்ம சம்பான் சும்மாதான் கெடக்கு. ஆள் வச்சுத் தள்ளச் சொல்றேன். இப்பவே பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போலாம்லா.”

மாமா அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“இல்ல சம்பந்தி,” என்றார் அப்பா. “இன்னிக்குச் சும்மா மோட்டார ஓட்டிப் பாக்கலாம்னுதான் வந்தோம். சரி பண்ணிட்டு, முறையா வந்து அழைச்சிட்டுப் போறோம்.”

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. மோட்டார் கெட்டுவிட்டது, கெட்டால் சரி செய்ய வேண்டும், பிறகு வரவேண்டும். கதவோரம் வளையல் சத்தம் கேட்டது. திரும்பினேன், அக்கா இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்வாசலிலிருந்து கூப்பிட்டாள். “தம்பி, இங்க வா. முழங்கையெல்லாம் மஞ்சளா ஒட்டியிருக்கு பாரு.” கந்தைத் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து என் கையைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

“அம்மா என்ன பண்ணுது?”

“ஆலாத்தித் தட்டு எடுத்து வச்சிருக்கு. அக்கா, மோட்டார் நல்லா இருக்கா? ரெண்டு தடவ அடிச்சோம்.”

“ரொம்ப நல்லா இருக்குடா.”

தேய்த்துக்கொண்டே இருந்தாள். மஞ்சள் போய், புகைக் கறுப்பும் போய், என் சொந்தத் தோல் வந்துவிட்டது. அது சிவந்து எரியவும் தொடங்கியது. “போயிருச்சுக்கா” என்றேன்.

“இன்னும் கொஞ்சம் இருக்கு. ஆடாம நில்லு” என்றாள், முழங்கையைப் பார்க்காமலே.

துறையிலிருந்து மாமா என் பெயரைச் சொல்லி அழைத்தார். மறுபடியும் அழைத்தார். அக்கா கையை விடவில்லை. மண்ணெண்ணெய் நெடி அவள் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் ஆடாமல் நின்றேன்.