சங்கிலியின் மறுமுனை

இது நடந்தது. பொய் என்பவர்கள் பாபநாசத்திலிருந்து ஒரு மைல் நடந்து வரட்டும். கல்லைக் காட்டுகிறேன்.

1972, சித்திரை. குடியிருக்கும் மனைக்குப் பட்டா கொடுத்துக்கொண்டிருந்த சமயம். என் குடிசை தன் வயலுக்குள் இருக்கிறது என்றார் மிராசுதார். சர்வேயர் துரைராசு அந்தக் காலத்து வரைபடத்தை விரித்தார். துணியில் ஒட்டிய படம், மடிப்பெல்லாம் பொடிந்திருந்தது. அதில் என் குடிசைக்குக் கிழக்கே, மூங்கில் புதரோரம், ஓர் எல்லைக் கல். தரையில் கல்லைக் காணோம்.

"கல்லே இல்ல. அப்புறம் ஏது ஒனக்கு மனை?" என்று சிரித்தார் மிராசுதாரின் காரியஸ்தர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோயிலோரம் இருந்த இன்னோர் எல்லைக் கல்லிலிருந்து, நிலம் அளக்கும் சங்கிலியால் ஒரு சங்கிலி தூரம் என்றது படம். அதைப் பிடிக்கும் சங்கிலி ஆள் மிராசுதாருக்குப் பயந்து வரவில்லை.

"நான் புடிக்கிறேங்க" என்றேன். சங்கிலியைப் புதர்வரை இழுத்துப் போட்டுவிட்டு வந்து, இந்த முனையைக் கோயில் கல்லில் அழுத்திப் பிடித்தேன். மறுமுனைக்குப் போக வேண்டிய துரைராசு இன்னும் என் பக்கத்தில் நின்று படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கடிகாரத்தில் மணி 12:10.

கலீர்...

சங்கிலி தரையை விட்டு எழும்பியது. விறைத்தது. மெல்ல வடக்கே நகர்ந்தது.

புதரோரம் யாரும் இல்லை.

"அம்சவல்லி... விட்டுடு!" என்று அலறினார் துரைராசு.

"விட மாட்டேங்க."

இரண்டு முறை சுண்டியது. கல் கிடைத்தால் சங்கிலி ஆள் அப்படித்தான் சுண்டுவான்.

"பேயோ பிசாசோ, அளந்து குடுத்துட்டுப் போவட்டுமேய்யா!" என்று கத்தினேன். கையை விடவில்லை.

12:13. சங்கிலி தொப்பென்று விழுந்தது.

ஓடினேன். ஆற்றில் தண்ணீர் நின்று மூன்று மாதம். வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. மறுமுனை கிடந்த இடத்தில் மட்டும்...

ஈரச் சேறு.

அதில் ஒரு வலது கை பதிந்திருந்தது. சுண்டுவிரல் இல்லை.

தோண்டினோம். இரண்டடி ஆழத்தில் கல். பட்டா என் பெயருக்கு வந்தது.

கல் கிடைத்த அன்று சாயங்காலம் அந்தக் கையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒங்கப்பனுக்குச் சுண்டுவெரலு கெடையாதுடி. அறுப்புல அருவா பட்டுப் போச்சு."

அப்பா காத்தான் ஒரு காலத்தில் சர்வேக்குச் சங்கிலி பிடித்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, கல்லைப் புதைத்தது யார் என்று மிராசுதார் பண்ணை வாசலிலேயே கேட்டாராம். மறுநாளிலிருந்து ஆளைக் காணோம். மலேயாவுக்குக் கப்பலேறிவிட்டான் என்றார்கள் பண்ணையில். முப்பத்தைந்து வருஷம் அதை நம்பிக்கொண்டிருந்தோம், பாவிகள்.

கல்லுக்கு அடியில் கிடப்பது யார் என்று நான் தோண்டிப் பார்க்கவில்லை. தோண்டினால் கல் நகரும். அதை நகர்த்த எவனையும் விட மாட்டேன்.

அப்பாவும் விட மாட்டார்.