பொம்மையிடம் அனுமதி

என் கணவர் பதினேழு வருடம் ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்ட். ஓடுகிற வண்டியில், குண்டடி பட்டவன் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றியவர். ஓய்வு பெற்று டெல்லிக்கு வந்தால், ஒரு ஆஸ்பத்திரியும் அதை மதிக்கவில்லை. சிவிலியன் சான்றிதழ் எங்கே என்றார்கள். லக்ஷ்மிபாய் நகரில் என் அரசாங்க வேலைக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது, சம்பளமும் வந்தது. சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வார்டு வேலை இல்லாவிட்டால் இந்த மனுஷன் உள்ளுக்குள்ளேயே செத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் மையம் ஒன்றுக்குப் போனார். நோயாளிக்குப் பதில் ஒரு ரப்பர் பொம்மை. அதற்குச் சுத்தமாக ஊசி போட்டுவிட்டு, ஃபெயிலாகித் திரும்பி வந்தார்.

"பேஷன்ட்டுக்கு நமஸ்தே சொல்லல, ஊசி போடலாமான்னு கேக்கல, மார்க் கட் அங்கிள்னுது டெஸ்ட் எடுத்த பொண்ணு. பொம்மகிட்ட என்னாத்தடி கேக்கறது?"

"கேட்டாத்தான் மார்க்குன்னா கேளுங்க" என்று ஒரு தலையணையைப் படுக்கவைத்தேன். "நல்லா குனிஞ்சு கும்பிடுங்க. தலகாணி கோச்சுக்கப் போவுது."

கும்பிட்டார். தினமும் கும்பிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் அந்த மையத்தைக் கொளுத்தலாம் போல இருக்கிறது.

இரண்டாவது முறை பாஸ். சான்றிதழை எடுத்துக்கொண்டு பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நேர்காணலுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி தேதியைப் பார்த்தாராம். சான்றிதழ் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது, அதனால் அனுபவம் பூஜ்யம். அதற்கு முன் செய்ததெல்லாம் சான்றிதழ் இல்லாமல் செய்தது, கணக்கில் வராது. புது ஆள் என்று எடுக்கலாமென்றால் வயது தாண்டிவிட்டது.

இவர் எழுந்தபோது அதிகாரி உட்காரச் சொல்லியிருக்கிறார். வாசலில் செக்யூரிட்டி வேலை காலி. அதற்கு ராணுவத்தில் பதினைந்து வருடமாவது இருந்திருக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "பதினேழு வருஷத்தையும் முழுசா எடுத்துக்கினாங்கடி. ஹெட் செக்யூரிட்டியா போட்டுட்டாங்க."

சந்தோஷமாகத்தான் சொன்னார். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.