முட்டைத் தோலும் நான் அனுப்பிய செய்தியும்

நாமக்கல்லில் ஒரு தொலைக்காட்சிக்குப் பகுதிநேர நிருபராக இருந்தபோது நான் செய்த முட்டாள்தனம் இது. வேகவைத்த முட்டையின் ஓட்டுக்கு அடியிலிருந்து ஒருவர் மெல்லிய தோலை உரித்துக் காட்டினார். தீக்குச்சி வைத்தோம், பற்றிக்கொண்டது. ‘பிளாஸ்டிக் முட்டையா?’ என்று செய்தி அனுப்பினேன். கேள்விக்குறி போட்டுவிட்டால் பொய் சொன்ன பாவம் சேராது என்பது எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. மாலை முழுவதும் அதுவே ஓடியது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு அவள் பொறுப்பு.

“உன்ற செய்தியப் பாத்துட்டு ஒரு புள்ளயும் முட்டையத் தொடமாட்டேங்குதுடா. பாதிப் புள்ளைங்களுக்கு அதுதான் சத்து. நீயே வந்து பதில் சொல்லு.”

கிளம்புமுன் ஒரு கால்நடை மருத்துவரைக் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய ஆள். “அது முட்டையோட சவ்வுங்க. புரதம். நெருப்பு வெச்சா முடியாட்டம் கருகும்” என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பள்ளி வாசலில் ஓர் அம்மா, முட்டையைத் தொடக்கூடாது என்று மகளை எச்சரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் வேலை.

“தெனமும் முட்டை எடுக்கற நீங்களே நம்பலாமாங்க?” என்றேன்.

“எங்க பண்ணை முட்டை நல்லதுதானுங்க. இங்க வாரது எதுன்னு எனக்கென்ன தெரியும்? டிவியிலயே எரிச்சுக் காமிச்சாங்களே.”

காட்டியவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். முறைத்தார். ஆனாலும் மறுநாள் தன் பண்ணை முட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அக்கா அதைப் பள்ளி முட்டைகளோடு வேகவைத்தாள். பெற்றோர் சுற்றி நிற்க, இரண்டு முட்டைகளின் தோலையும் கொளுத்தினோம். இரண்டும் ஒன்றுபோலக் கருகின. முடி பொசுங்கிய நாற்றம். அந்த அம்மாவுக்கு அது போதவில்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் ஒரு துண்டைக் கிழித்து அதையும் கொளுத்தச் சொன்னார். அது உருகிச் சொட்டியது.

எல்லாவற்றையும் படம்பிடித்தேன். “முட்டை நல்லா இருக்குன்னா அது நியூஸா?” என்ற அலுவலகத்தோடு பிறகு மல்லுக்கட்டினேன், ஒருவழியாக ஒளிபரப்பினார்கள். ஆனால் எனக்கு உயிர் வந்தது அந்தப் பள்ளியிலேயேதான். அந்த அம்மா பள்ளி முட்டையைப் பிட்டு உப்பு தொட்டு, “தின்னு சாமி” என்று மகளின் வாயில் வைத்தார். அவள் மென்று விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அன்னைக்கே ஒரு பைத்துண்டையும் பக்கத்துல வெச்சுக் கொளுத்திப் பாத்திருக்கலாமில்லீங்க?”