பட்டியலில் இல்லாத வேணி

மாதவிக்குக் கோபம் வந்தால் வாய் திறக்கமாட்டாள். கணினியைத் தட்டும் சத்தம் மட்டும் கூடும். பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கைப்பேசிச் செயலிகளை எழுதுகிறவள் அவள். எழுதியதைச் சோதித்துப் பார்ப்பவன் நான். செந்தூலிலிருந்து அவள் தினமும் ரயிலேறி வந்து, பன்னிரண்டு வருடமாக இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குச் செயலி செய்துகொடுத்தோம். நோயாளிகளை வீட்டிலிருந்து அழைத்துவரும் வேன் ஓட்டுநர்களுக்கானது. ஆளை ஏற்றியதும் பொத்தானை அழுத்தினால் அந்தப் பெயர் அன்றைய பட்டியலிலிருந்து போய்விடும். பெயருக்குப் பதில் அடையாள எண்ணை வைத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். எங்களுக்கு அவசரம்; தேடவும் நீக்கவும் பெயரையே வைத்துவிட்டோம்.

ஹான் என்ற வியட்நாம் பெண்ணின் பெயரில் எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி உண்டு. புள்ளியில்லாமல் தேடினால் வரவில்லை என்று ஓட்டுநர்கள் புகார் சொன்னார்கள். எழுத்தோடு ஒட்டிய குறிகளையெல்லாம் தள்ளிவிட்டு ஒப்பிடும்படி மாதவி ஒரே ஒரு வரி சேர்த்தாள். நான் ஹானைத் தேடினேன், வந்தது. கைதட்டினேன். பட்டியலில் பாதிப் பெயர்கள் தமிழில் இருப்பது இருவருக்கும் தெரியும். தமிழ்ப்பள்ளியில் படித்த இந்த இரண்டு அறிவாளிகளுக்கும் ஒரு தமிழ்ப் பெயரைத் தேடிப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த வரிக்குத் துணைக்காலும் கொம்பும் மேல்விலங்கும் வேண்டாத குறிகள்தாம். வாணியும் வேணியும் அதற்கு வெறும் 'வண'.

திங்கட்கிழமை காலை சின்னையா என்ற புது ஓட்டுநர் கிள்ளானில் வாணியை ஏற்றிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். பக்கத்து ஊரான காப்பாரில் காத்திருந்த வேணியின் பெயரும் சேர்ந்து மறைந்தது. அவர் நேராக மையத்துக்குத் திரும்பிவிட்டார்.

மையத்திலிருந்து எங்களுக்குச் செய்தி வந்தபோது மாலையாகிவிட்டது. உடம்பில் நீர் ஏறி, மூச்சுத்திணறி, வேணி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாதவி பத்தே நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினாள். திருத்தி என்ன பயன்? புதிய பதிப்புக்கு ஆப் ஸ்டோரின் அனுமதி வர நாளாகும். வந்தபிறகும் ஒவ்வொரு ஓட்டுநரும் தன் போனில் அதைப் பதிவிறக்க வேண்டும். ஏற்கெனவே போன்களுக்குள் போய்விட்டதை இங்கிருந்து பிடுங்க வழியில்லை. ஓட்டுநர்கள் ஆறு பேரையும் அவளே போனில் அழைத்தாள்.

"அண்ணே, அந்த ஆப்ப நம்பாதீங்க. பேப்பர் லிஸ்ட் பாத்து ஏத்துங்க."

"நான் என்னம்மா செய்வேன்? பேரே இல்லையே லா," என்றார் சின்னையா, அழாக்குறையாக.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வேணிக்கு அறுபது வயதிருக்கும். முகம் வீங்கியிருந்தது. அவசரமாக இயந்திரத்தில் போட்டிருந்தார்கள். பிழைத்துக்கொள்வார் என்று நர்ஸ் சொன்னாள்.

"ஆன்டி, தப்பு எங்களோடது," என்று மாதவி ஆரம்பித்தாள். "வேன் வரலன்னு ஏன் ஒரு போன் பண்ணல?"

வேணி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"என் பேர எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்மா. சின்னப் புள்ளைங்க எத்தன பேரு சென்டர்ல எடத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. நான் கேட்டா உங்களுக்குத்தானே சங்கடம்."

மாதவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எடுக்கல ஆன்டி, யாரும் எடுக்கல," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

"சரிம்மா, சரிம்மா," என்று வேணிதான் அவளைத் தேற்றினார். அவர் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.