ஷாலினியின் கம்ப்ரஸரும் என் வேண்டுதலும்

அம்மனை நம்பி நாளைத் தொடங்குகிற எல்லோருக்கும் வணக்கம். நான் காஞ்சிபுரத்தில் பல் டாக்டராக இருக்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நோய் தீர்ந்தது, குழந்தை பிறந்தது என்று மற்றவர்கள் சொல்லும்போது, நான் சொல்ல வந்தது பொறாமையில் தொடங்கிய கதை. ஆனாலும் காமாட்சி எனக்குச் செய்ததை மறைத்து வைக்க மனம் வரவில்லை.

ஷாலினி என்னோடு படித்தவள். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியே ஐந்து வருடத்தையும் ஓட்டியவள். போன ஆனி மாதம், பட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் பெரிய ரோட்டில் அவள் க்ளினிக் திறந்தாள். மாமனார் கட்டிக்கொடுத்த இடம். பளிங்குத் தரை, கண்ணாடிக் கதவு, ஏசி. கூடத்தின் நடுவில், வாசலைப் பார்த்தபடி, இளநீல நிறத்தில் நோயாளி படுக்கும் நாற்காலி. திறப்பு விழாவுக்குப் போனேன். சிரித்தேன். போட்டோவுக்கு நின்றேன். வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றாமல் அழுதேன்.

நான் நாலு வருடம் யார் யார் க்ளினிக்கிலோ உதவி டாக்டராக நின்றவள். எனக்கும் ஒரு க்ளினிக் வேண்டும் என்ற ஆசை அதுவரை ஆசையாக இருந்தது. அன்றிலிருந்து அது வெறியாகிவிட்டது. வேலையை விட்டேன். பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் வாடகைக்கு ஒரு வீட்டின் முன்கூடம் கிடைத்தது. வீட்டுக்காரர் ஏகாம்பரம் அண்ணன். தறிகள் பெருகி இடம் போதாமல் அடுத்த தெருவில் பெரிய வீட்டுக்குப் போய்விட்டவர். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"தரைய மட்டும் உடைக்காதீங்கமா. பொண்ணு கல்யாணத்துக்குன்னு புதுசாப் போட்ட தரை. மத்தபடி உங்க இஷ்டம்."

நான் தலையாட்டிவிட்டேன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பதாக எல்லோருக்கும் சொல்லியாயிற்று. பத்திரிகைகூட அடித்தாயிற்று. ஆடி கடைசி வாரம் நாற்காலியைப் பொருத்துகிற மெக்கானிக் இடம் பார்க்க வந்தார். கூடத்தின் நடுவில் நின்று தரையைக் காலால் தட்டினார்.

"தண்ணி, காத்து, கரண்ட், கழிவு, நாலு லைனும் தரைக்கு அடியில வந்து சேர்ல ஏறணும் டாக்டர். தரைய உடைக்காம எப்படி?"

"மேலேயே பைப் போட்டால்?"

"வர்றவங்க தடுக்கி விழுந்து இருக்கிற பல்லும் போயிடும். கழிவுத் தண்ணி மேல ஏறாது. வியாழக்கிழமை வண்டியோட வரேன். அன்னிக்கும் இடம் ரெடியா இல்லேன்னா சேர் வேற ஊருக்குப் போயிடும். அப்புறம் ரெண்டு மாசம் ஆகும்."

அன்று சாயங்காலமே ஷாலினி போன் செய்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஏன்டி கஷ்டப்படற? பேசாம என் க்ளினிக்குக்கு வந்துடு. காலைல நீ பாரு, சாயந்தரம் நான் பாக்கறேன்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. என் கணவரும் நல்ல யோசனைதானே என்றார். அவள் பெயர்ப் பலகைக்குக் கீழே சின்ன எழுத்தில் என் பெயர் வாழ்நாள் முழுவதும் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை.

ஆடி கடைசி வெள்ளி. காமாட்சி கோயிலில் கூட்டம் சொல்லி மாளாது. ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். என் க்ளினிக்குக்கு வழி காட்டு என்று கேட்கத்தான் போனேன். சந்நிதிக்கு முன்னால் வந்ததும் மனசுக்குள் வேறு வார்த்தைகள் வந்துவிட்டன. 'அவளுக்கு மட்டும் ஏன் எல்லாம் கேட்காமலே கிடைக்கிறது? அவள் கம்ப்ரஸர் ஒரு நாளாவது நின்றுபோகட்டும். அவளும் ஒரு நாள் தவிக்கட்டும்.' பல் துளைக்கிற கருவி காற்றில்தான் சுற்றும். காற்று தருவது கம்ப்ரஸர். அது நின்றால் பல் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எதைக் கேட்டால் அதிகம் வலிக்கும் என்று தெரிந்தே கேட்டேன். குங்குமத்தை வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு ஷாலினி போன். அழுதுகொண்டே பேசினாள்.

"கம்ப்ரஸர் நின்னுபோச்சுடி. ஒரு டீச்சருக்கு ரூட் கெனால் பாதியில இருக்குது. மெக்கானிக் போன எடுக்க மாட்டேங்கறான். நீ கொஞ்சம் வாயேன்."

நான் கேட்டது நடந்துவிட்டது. தாயே, நான் அப்படிச் சொல்லவில்லை, சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று புலம்பிக்கொண்டே ஸ்கூட்டரை ஓட்டினேன்.

அந்த டீச்சரம்மா வாயைத் திறந்தபடி, கண்ணில் நீர் வழியப் படுத்திருந்தார். கம்ப்ரஸர் சூடாகி நின்றிருந்தது. ஆறவிட்டு மறுபடி போட்டதும் தரைக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று சத்தம் வந்தது. பளிங்குக்குக் கீழே போகும் காற்றுக் குழாயில் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. காற்று சேராமல் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி ஓடிப் படுத்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர்கள் சாமான் வாங்கும் கடைக்கு ஓடினேன். பத்து மீட்டர் காற்று ஹோஸும் நாலு கிளிப்பும் வாங்கி வந்தேன். தரைக்கு அடியில் போகும் குழாயை அடைத்துவிட்டு, கம்ப்ரஸரிலிருந்து நாற்காலிக்குத் தரைமேலேயே ஹோஸை இழுத்தேன். மிதியடியை அதன்மேல் போட்டு, சத்தம் கேட்டு வந்திருந்த ஷாலினியின் மாமனாரையே காவலுக்கு நிறுத்தினேன். கருவி சுற்றியது. டீச்சரம்மா நல்லபடியாக எழுந்து போனார்.

ஷாலினி அந்த அழகான தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மூணு வாரமா அது விடாம ஓடிக்கினே இருந்துச்சு. நான்தான் கண்டுக்கல. எல்லாத்தையும் உள்ள வெச்சு மூடிட்டாங்கடி. திறந்து பாக்க ஒரு மூடிகூட இல்ல. இப்ப தரைய உடைக்கணும்."

மூன்று வாரம் என்றதும் எனக்கு உயிர் வந்தது. என் வாயால் கெட்டதில்லை. அடுத்த நொடி, மூடி என்ற சொல் மனதில் நின்றது. என் வாடகை வீட்டைப் பார்க்கப் போன முதல் நாள், ஜன்னல் ஓரமாகக் கிடந்த இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் நடந்தபோது காலுக்கடியில் பலகை அதிர்ந்ததே.

நேராக ஏகாம்பரம் அண்ணனிடம் போனேன்.

"அதுவா? தறிக்குழிமா. உக்காந்து நெய்யறப்ப காலை உள்ள விட்டு மிதிக்கிற பள்ளம். தறிய எடுத்ததும் பலகை போட்டு மூடி பீரோவ வெச்சிட்டோம்."

"முன்னாடியே சொல்லக்கூடாதாண்ணா?"

"நீங்க இன்னா கேட்டீங்க? நடுக்கூடத்துலதான் வெப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னுக்கினு இருந்தீங்க. ஜன்னல் பக்கம் திரும்பிக்கூட பாக்கலியே."

உண்மைதான். நடுக்கூடம் ஏன்? ஷாலினியுடையது நடுக்கூடத்தில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். பொறாமை என் கண்ணை அந்த மூலைக்குப் போகவே விடவில்லை.

பீரோவை நகர்த்திப் பலகையைத் தூக்கினோம். இடுப்பளவு பள்ளம், காய்ந்து சுத்தமாக இருந்தது. வீடு தெருவைவிட மூன்று படி உயரம். அதனால் குழியின் சுவரில் ஒரு துளை போட்டால் கழிவுநீர் தானாகவே வெளிச் சாக்கடைக்கு இறங்கிவிடும். "செவுத்துல போட்டுக்கோங்க. தரையத் தொடாதீங்க" என்றார் அண்ணன். வியாழக்கிழமை வந்த மெக்கானிக் நாற்காலியைக் குழியின் ஓரமாக நிறுத்தி, உள்ளே இறங்கி நின்றே நாலு லைனையும் மாட்டினார்.

"எத்தனையோ க்ளினிக் பாத்திருக்கேன் டாக்டர். லீக்கானா பலகையத் தூக்கினாப் போதும். இந்த வசதி எங்கயும் இல்ல."

நெசவுக்காக வைத்த ஜன்னல் வெளிச்சம் இப்போது நேராக நோயாளியின் வாயில் விழுகிறது. சொன்ன முகூர்த்தத்தில் திறந்தேன். தெருக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். நான் கேட்காத வழியை, நான் யார்மேல் எரிந்தேனோ அவள் க்ளினிக்கிலேயே வைத்து அம்மன் காட்டினாள். கெட்டதைக் கேட்டவளை அடிக்காமல், உதவி செய்ய அனுப்பித் திருத்தினாள்.

திறப்பு விழாவுக்கு வந்த ஷாலினி பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்குப் பொறாமையா இருக்குதுடி" என்றாள். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அதையும் சந்நிதியில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஷாலினியிடமும் போய், நான் வேண்டிக்கொண்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கம்ப்ரஸர் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப இனிமே என் கம்ப்ரஸர் நல்லா ஓடணும்னும் நீயே வேண்டிக்கோ" என்றாள்.

உங்கள் மனதில் நல்லது இல்லாத நாளிலும் அம்மனிடம் போங்கள். பொறாமையோடு போங்கள், கோபத்தோடு போங்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று அவளுக்குத் தெரியும். நான் இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறேன். என் பிள்ளைகளுக்கும் என் நோயாளிகளுக்கும் வேண்டிக்கொண்ட பிறகு, ஷாலினியின் கம்ப்ரஸருக்காகவும் கண்ணை மூடி நிற்கிறேன்.